நாலுமூலை வராத கூட்டம்

டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. கையில் எப்போதும் ஒரு கோப்பு, கோப்புக்குள் கலர் கலராக அட்டைகள், கழுத்தில் கயிற்றோடு தொங்கும் பேனா. இதையெல்லாம் பார்த்து யாரோ ஒருநாள் அப்படிக் கூப்பிட்டு வைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு உதவும் மையம் ஒன்றில் அவள் துணையாளர். குழந்தைகளுக்கு என்றால் ஓடி வந்து உதவ ஆள் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு மீசை முளைத்த பிறகு என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அப்படி மீசை முளைத்தவர்களுக்கு வேலை தேடித் தருவதும், முதல் சில வாரம் கூடவே நின்று பழக்குவதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வதும் அவள் பொறுப்பு. முதல் இரண்டும் அவளுக்குக் கைவந்த கலை. மூன்றாவது மட்டும் சுத்தமாக வராது.

அந்த வருடம் அவள் கையிலிருந்தவர்களில் ஒருவனுக்கு முப்பத்து நான்கு வயது. அண்ணன் வீட்டில், கடைசி அறையில், ஆறு வருடம் வெளியே வராமல் கிடந்தவன். அதற்கு முன் மூன்று இடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றிலும் ஒரு மாதம் தாண்டவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் அவனுக்கு இடம் பிடிக்க டீச்சரம்மா நடையாய் நடந்தாள். மூன்று மாதம் பயிற்சி, முடிவில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பயிற்சி ரத்து என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். இது போனால் மறுபடியும் அந்தக் கடைசி அறைதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

பதினோரு வாரம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

அதற்குக் காரணம் டீச்சரம்மாவின் அட்டைகள் என்று டீச்சரம்மா நினைத்தாள். உண்மைக் காரணம், அந்தப் பிரிவில் எல்லோரும் புயல் என்று கூப்பிட்ட பெண். ஐம்பது வயதைத் தொட்ட அந்த அம்மாள் இருபது வருடம் சலவை இயந்திரங்களோடு போட்டி போட்டுப் பேசியதில் குரல் அப்படியே நிலைத்துவிட்டது. காதில் ரகசியம் சொன்னாலும் மாடி வரை கேட்கும். போர்வை மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, சேர்த்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து ஒருவர் கையில் மற்றவர் கொடுத்து, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். புயலோடு மடிக்க யாரும் முன்வருவதில்லை. புதிதாக வந்தவனை அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

"ஒண்ணு!" என்று அவள் கத்துவாள். மூலைகள் சேரும். "ரெண்டு!" போர்வை உதறப்படும். "வா!" இருவரும் நடப்பார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு போர்வை, முந்நூறு முறை அதே மூன்று கூச்சல். ஒரு மூலை நூலளவு விலகினாலும் அவன் விடமாட்டான், பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். முதல் வாரம் புயல் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் "நாலுமூலை" என்று பட்டம் கட்டினாள். மூன்றாவது வாரம் மேல்மாடி நர்ஸ் ஒருத்தி இறங்கி வந்து, "யாரு மடிக்கிறது இது? கட்டில்ல விரிச்சா கோடு போட்ட மாதிரி இருக்கு" என்று கேட்டபோது, தானே பெற்று வளர்த்த மாதிரி அவனைக் காட்டினாள்.

பதினோராவது வாரம் டீச்சரம்மா எட்டிப் பார்க்க வந்தாள். கதவைத் திறந்ததும் காதில் விழுந்தது, "டேய் நாலுமூலை! கனவு கண்டது போதும், இழுடா!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சத்தம் ஆகாது என்பது அவள் அட்டையில் முதல் வரி. கிண்டல் கூடாது என்பது இரண்டாவது. இங்கே இரண்டும் சேர்ந்து தாண்டவமாடின. அவன் முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள். அவள் புயலின் வாயைத்தான் பார்த்தாள். மையத்தின் தலைவியும் அந்த மாதத்துக்குள் ஒவ்வொரு வேலையிடத்திலும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்று ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். பிறகென்ன?

சூப்பர்வைசர் நல்ல மனிதர், ஆனால் எதையும் எழுதி ஒட்டினால்தான் நடக்கும் என்று நம்புகிறவர். செவ்வாய்க்கிழமையே நுழைவாயிலில் அறிவிப்பு ஒட்டினார். கூட்டம் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. புதன்கிழமை நாலுமூலைக்கு வார விடுமுறை. அந்த நாளை டீச்சரம்மா வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தாள். ஒரு மனிதனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவனைப் பற்றியே பேசுவது நாகரிகமா?

கூட்டம் பிரமாதம். திரையில் படங்கள் ஓடின. துவைக்கிறவர்கள், தேய்க்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து வருகைப் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மெதுவாகப் பேசுங்கள், பட்டப்பெயர் வேண்டாம், மரியாதையாகக் கூப்பிடுங்கள், அமைதியான இடம் கொடுங்கள் என்று டீச்சரம்மா சொல்லச் சொல்ல இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிவில் கைதட்டல். புயல் மட்டும் கைதட்டாமல் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரியாத அளவுக்கு அவள் மண்டு இல்லை. "எனக்குத் தெரியாம போச்சும்மா," என்றாள் வெளியே வரும்போது, பக்கத்தில் நின்றவர்களுக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில். புயலுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

டீச்சரம்மா அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டே போனாள்.

சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். "அம்மா, உங்க ஆளு நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. போன் இல்ல, தகவல் இல்ல. நாளைக்கும் வரலன்னா மூணு நாளாயிடும். என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"வியாழக்கிழமை வந்தாரா?"

"வந்தாரு. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணினோம். தனியா ஒரு மூலை ஒதுக்கினோம், தலையணை உறை மடிக்கச் சொன்னோம், ஒருத்தரும் சத்தம் போடல. சார்னுதான் கூப்பிட்டோம். மதியம் பார்த்தா ஆளைக் காணோம்."

டீச்சரம்மா கோப்பும் கையுமாக அவன் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தது அண்ணி. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். "நல்லவேளை வந்தீங்க," என்றாள் அண்ணி. "என்னன்னே தெரியல. வாயைத் திறக்க மாட்டேங்குது. ரெண்டு நாளா ஜன்னலோடதான் மடிச்சிட்டிருக்கு."

"ஜன்னலோடயா?"

"நீங்களே வந்து பாருங்க."

கடைசி அறையில் நாலுமூலை சலவைப் பிரிவின் நீலச் சீருடையோடு நின்றிருந்தான். ஒரு பழைய போர்வையின் இரண்டு மூலைகளை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தான். மற்ற இரண்டும் அவன் கையில். சேர்த்தான். உதறினான். நடந்தான். ஜன்னல் நடந்து வரவில்லை. போர்வை பாதி வழியில் தரையில் சரிந்தது. பின்னால் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். "யாராவது திட்டினாங்களா?"

"இல்ல."

"கிண்டல் பண்ணாங்களா?"

"இல்ல."

"சத்தம் அதிகமா இருந்துச்சா?"

அவன் கொஞ்ச நேரம் மூலைகளைச் சரிபார்த்தான். "சத்தமே இல்ல," என்றான்.

அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினாள். தாளில் இன்னும் பதினான்கு கேள்விகள் இருந்தன. அவன் ஜன்னலை நோக்கி நடந்தான், போர்வை சரிந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. கோப்பை மூடிக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தாள். கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்து அந்த இரண்டு மூலைகளையும் தன் கையில் பிடித்தாள்.

அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். பிறகு புரிந்து, "ஒண்ணு," என்றாள்.

"சத்தமா," என்றான் அவன்.

"ஒண்ணு!"

மடித்தார்கள். அவள் மூலை விலகியிருந்தது. பிரித்து மறுபடி மடித்தார்கள். மறுபடியும் விலகியது. டீச்சரம்மாவுக்குப் போர்வை மடிக்கத் தெரியாது என்பதை அந்த அறை பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது தடவை போர்வை சரியாக வந்ததும் அவன் பேசினான். அவளைப் பார்த்து அல்ல, போர்வையைப் பார்த்து, படிப்பது போல.

"அறிவிப்பு. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு விழிப்புணர்வுக் கூட்டம். சலவைப் பிரிவு ஊழியர்கள் அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வராதவர்கள் மறுநாள் சூப்பர்வைசரைப் பார்க்கவும்."

டீச்சரம்மாவின் கை நின்றது.

"புதன்கிழமை எனக்கு லீவு," என்றான் அவன். "லீவு அன்னைக்கு வரக்கூடாது. கூட்டத்துக்குக் கட்டாயம் வரணும். ரெண்டும் ரூல்."

அண்ணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஐயோ," என்றாள். "புதன்கிழமை யூனிபாரம் போட்டுட்டு வாசல்லயே நின்னுச்சு. காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும். இன்னைக்கு லீவு தம்பின்னு நான்தான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன்."

"மறுநாள் சூப்பர்வைசரைப் பார்த்தேன்," என்று அவன் தொடர்ந்தான். "கூட்டத்துக்கு வரலன்னு சொன்னேன். அது உனக்கு இல்லப்பான்னாரு. அனைவரும்னு போட்டிருக்கு. எனக்கு இல்லன்னாரு. அப்புறம் என்னை மூலையில உட்கார வச்சாங்க. புயல் பேசல. யாரும் பேசல. சார் சார்னாங்க, நான் திரும்பிப் பார்த்தேன், பின்னாடி யாரும் இல்ல. எல்லாரும் கூட்டத்துக்குப் போனாங்க. நான் மட்டும் போகல. அதுக்குத் தண்டனை. தண்டனை எத்தனை நாள்னு போடல. அதனால வீட்டுக்கு வந்துட்டேன்."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறாள். இவனைப் பற்றி அண்ணனிடம் கேட்டிருக்கிறாள், அண்ணியிடம் கேட்டிருக்கிறாள், டாக்டரிடம், பழைய முதலாளிகளிடம், சூப்பர்வைசரிடமும் கேட்டிருக்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று இவனிடம் கேட்டதாக ஒரு வரி அந்தக் கோப்பில் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தண்டனை இல்ல தம்பி," என்றாள். "நீங்க ஒரு தப்பும் பண்ணல. தப்பு பண்ணது நான்."

அவன் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். குழம்பிப் போயிருந்தான். "நீங்க கூட்டத்துக்கு வந்தீங்களே," என்றான்.

அவளுக்கு இல்லை, வரவேயில்லை, அங்கே நின்று பேசினேன், ஆனால் வரவில்லை என்று சொல்லத் தோன்றியது. அதை இவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று பயமாயிருந்தது. போர்வையின் அடுத்த மடிப்பைக் குனிந்து எடுத்தாள்.

"நான் வராத கூட்டம் பாக்கி இருக்கு," என்றான் அவன். "அதை மறுபடி வச்சா நான் வருவேன். மூணு மணிக்கு."

"நாளைக்கு வச்சா நாளைக்கு வேலைக்கு வருவீங்களா?"

"நாளைக்கு எனக்கு லீவு இல்ல," என்றான், இதென்ன கேள்வி என்பது போல.

வெளியே வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். மனிதர் குதித்தார். ஞாயிற்றுக்கிழமை பாதி ஆள்தான் இருக்கும், அறுவை சிகிச்சைப் பிரிவுத் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, புதன்கிழமைதானே ஒரு கூட்டம் நடந்தது என்று ஒரு மூச்சு பாடினார். டீச்சரம்மா பாடி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள், ஜன்னல் உட்பட. "அது உனக்கு இல்லன்னு நான்தாம்மா சொன்னேன்," என்றார் சூப்பர்வைசர் கடைசியில், ரொம்ப மெதுவாக. "பத்து நிமிஷம்தான். மூணு மணி. எழுதி ஒட்டிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நாலுமூலை ஏழு மணிக்கு நுழைவாயிலில் இருந்தான். புதிய அறிவிப்பை இரண்டு முறை படித்தான். மூன்று மணி வரை தனக்கு ஒதுக்கப்பட்ட மூலையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தான். கூட்டம் நடக்காமல் எதுவும் மாறாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். புயல் அந்தப் பக்கம் இன்னொருத்தியோடு போர்வை மடித்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு மடித்ததில் மூலைகள் கண்டபடி திரிந்தன.

மூன்று மணிக்குச் சுமார் பன்னிரண்டு பேர் கூடினார்கள். நாலுமூலை முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். டீச்சரம்மா முன்னால் வந்து நின்றாள். திரை இல்லை, அட்டை இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"போன புதன்கிழமை நான் நிறைய பேசினேன்," என்றாள். "கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமலே பேசினேன். இன்னைக்கு அவர் சொல்லட்டும்." போய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். திரும்பி நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துப் படித்தான்.

"மூணாம் நம்பர் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சுங்குது. எனக்குப் பல்லு வலிக்குது. எண்ணெய் போடணும். உலர்த்துற மெஷின் மணி திடீர்னு அடிக்குது. அடிக்கப் போகுதுன்னு யாராவது முன்னாடி சொல்லணும். பின்னாலேர்ந்து தொடக்கூடாது. முன்னால வந்து தொடலாம்." மூச்சு வாங்கினான். "தலையணை உறை எனக்கு வேண்டாம். அதுல எதிர்ல ஆள் இல்ல. போர்வை வேணும். புயல் கத்தணும். கத்தினாத்தான் எப்ப உதறணும், எப்ப நடக்கணும்னு தெரியும். சார்ங்கிறது டாக்டர். நான் நாலுமூலை. நாலு மூலையும் சரியா வைப்பேன், அதனால."

தாளை மடித்தான். மூலைகள் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்துப் பையில் வைத்தான்.

தள்ளுவண்டிக்காரர்தான் முதலில் எழுந்தார். "மூணாம் நம்பரா? எனக்கே பல்லு கூசும்பா அது. யாருகிட்ட சொல்றதுன்னு இருந்தேன்." எண்ணெய் தேடிப் போய்விட்டார். தேய்க்கிற பெண், மணி அடிப்பதைச் சொல்லும் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். புயல் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பிறகு நான்கு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே வெடியாக வெளியே வந்தது.

"ஏண்டா, இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நாலு நாளா வாயைக் கட்டிட்டு நான் செத்துப் பொழச்சிருக்கேன்டா! என் வீட்டுக்காரரு டாக்டர்கிட்ட போலாமான்னு கேக்குறாரு!"

சிரிப்பில் கீழ்த்தளமே குலுங்கியது. நாலுமூலை சிரிக்கவில்லை. ஆனால் அவன் தோள்கள் இறங்கின. புதன்கிழமையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் அவை. டீச்சரம்மா இந்தத் தடவை அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து பயிற்சிப் படிவத்தை உருவி, பேனாவைத் திறந்தார். "எதுக்கு இழுத்துக்கிட்டு? இப்பவே போட்டுடறேன் கையெழுத்து. வேலை உனக்குத்தாண்டா."

"இன்னும் எட்டு நாள் இருக்கு," என்றான் நாலுமூலை.

"அதனால என்னப்பா?"

"மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்குப் போடணும். படிவத்துல தேதி இருக்கு."

சூப்பர்வைசர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா அவரைப் பார்க்காமல் நாலுமூலையைக் காட்டினாள். அவர் பேனாவை மூடினார். "சரி, தேதி அன்னைக்கே போடறேன். போதுமா?"

"போதும். இன்னைக்கு வருகைப் பதிவு எங்க?"

அதை யாரும் நினைத்திருக்கவில்லை. சூப்பர்வைசர் தேடிப் பிடித்து, புதன்கிழமைத் தாளையே எடுத்து வந்தார். வரிசையாகக் கையெழுத்துகள், கடைசியில் கொஞ்சம் இடம். நாலுமூலை அந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்தான். விரல் நின்றது. பேனாவோடு தாளை டீச்சரம்மாவிடம் நீட்டினான்.

"உங்க கையெழுத்து இல்ல," என்றான். "அனைவரும்னு போட்டிருக்கு."

பேசுகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தாளை முழங்காலில் வைத்து, அவன் பெயருக்குக் கீழே, கண் மங்கலாகத் தெரிந்ததால் கொஞ்சம் கோணலாக, தன் பெயரை எழுதினாள்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். கோணலைப் பார்த்தான். இந்த ஒரு தடவை பிரித்து மறுபடி செய்யச் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு, போர்வைகள் குவிந்து கிடந்த மேஜையை நோக்கி நடந்தான். புயல் ஏற்கெனவே இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.